நாட்றாம்பாளையத்துக்குப் போன ஜீப்

அந்த ஜீப் யாருடையது என்பது எனக்குக் கடைசிவரை புரியவில்லை. நின்றது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில். ஓட்டியவர் எங்கள் டிரைவர். ஆனால் அது குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்கென்று மேலேயிருந்து கொடுத்த வண்டி. இரண்டு பக்கமும் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது என்று, வண்டி போய்வந்த கணக்கு எழுதும் லாக் புத்தகத்தின் அட்டையிலேயே ஒரு தாள் ஒட்டியிருந்தது. பாம்பு கடித்தவனைக் கொண்டுவந்து வாசலில் கிடத்துவார்கள். ஜீப் பத்தடி தள்ளி வேப்பமர நிழலில் நிற்கும். ஓசூருக்கு அனுப்ப ஏதாவது லாரி கிடைக்குமா என்று நாங்கள் ரோட்டுக்கு ஓடுவோம்.

அறுபதுகளின் கடைசி அது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் இருந்த அந்த நிலையத்தில் நான் பிரசவம் பார்க்கும் நர்ஸ். வயது இருபத்துநாலு. பாளையங்கோட்டைப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து, வாய்த்துடுக்குக்குப் பேர்போனவளாக வளர்ந்து, இந்த மலையடிவாரத்தில் வந்து விழுந்தவள். இங்கே ஒரே ஆள் ஒரே மூச்சில் தமிழில் தொடங்கித் தெலுங்கில் நடந்து கன்னடத்தில் முடிப்பார். மூன்றில் ஒரு பங்குதான் எனக்குப் புரியும். மிச்சத்துக்குத் தலையாட்டுவேன். எதற்கெல்லாம் தலையாட்டினேனோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

அந்த வருஷம் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயது, சதா ஏதாவது யோசனை. பிரசவம் சிக்கலாகிப் பெண்கள் வழியிலேயே செத்துப்போவது அவருக்குப் பொறுக்கவில்லை. மலைக்கு மேலே டெலிபோன் கிடையாது. அஞ்செட்டிப் பக்கம் போய்வரும் பஸ் ஒன்றுதான் இருந்தது. அவர் ஒரு ஏற்பாடு செய்தார். அவசரம் என்றால் ஊர்க்காரர்கள் பஸ் நிற்கும் இடத்து மரத்தில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சொல்ல வேண்டும். நாங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும். லாக் புத்தகத்துக்கு என்ன எழுதுவது என்று டிரைவர் கேட்டார். "அதை நான் பாத்துக்கறேன், பாய்" என்றார் டாக்டர்.

ஊர் ஊராகப் போய் இதைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. வெள்ளைத் துணி கட்டுங்கள், வண்டி வரும் என்று சொன்னேன். எந்த வண்டி என்று சொல்லவில்லை. எங்களிடம் இருந்ததே ஒரு வண்டி, அதனால் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. அதே வண்டியில் மூன்று வாரம் முன்னால் இதே மலைக் கிராமங்களுக்குப் போய், மைக்கைப் பிடித்துக்கொண்டு, அளவான குடும்பம், ஆபரேஷன் முகாம் என்று தொண்டை வறளக் கத்தியவளும் நான்தான். இரண்டையும் ஒரே ஆள், ஒரே வண்டியில் செய்தால் என்ன ஆகும் என்று எங்கள் நிலையத்தில் படித்த ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு காலையில் கண்டக்டர் வந்து, நாட்றாம்பாளையத்துக்குப் போகும் வழியில் துணி கட்டியிருக்கிறது என்றார். இரண்டு நாளாகப் பிரசவ வலியாம், முதல் குழந்தை பெண்ணாம், இது இரண்டாவதாம். டாக்டரைச் சுற்றி அன்றைக்கு நாற்பது நோயாளிகள். "நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க, சிஸ்டர்" என்றார். நானும் பாயும் கிளம்பினோம். பாய் ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். நான் பேசினேன். முதல் தடவையாக ஏற்பாடு வேலை செய்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

காட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். துணி கட்டியிருந்ததாகச் சொன்ன மரத்தில் துணி இல்லை. வேறு மரமோ என்று இன்னும் கொஞ்ச தூரம் போனோம், திரும்பி வந்தோம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்டக்டர் பொய் சொன்னாரா? அதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகித் துணியை அவிழ்த்துவிட்டார்களா? மரத்தின் கிளையில் வெள்ளை நூல் பிசிறு ஒட்டியிருந்ததைப் பாய்தான் காட்டினார். "கட்டி அவுத்திருக்காங்க" என்றார்.

ஓடை வரைக்கும்தான் ஜீப் போகும். அங்கிருந்து மேட்டில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். எங்களைப் பார்த்ததும் கேழ்வரகுக் காட்டில் நின்ற ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் காட்டுக்குள் ஓடினார்கள். சும்மா ஒதுங்கவில்லை, தலைப்பாகை விழ விழ ஓடினார்கள். வீட்டுக் கதவுகள் சாத்தப்பட்டன. நான் ஓடையில் காலை வைத்தபடி, "ஏங்க, துணி கட்டினது யாருங்க?" என்று கூவினேன். அதே குரல், மைக் மட்டும்தான் இல்லை. பாய் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார், முக்கோணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஆபரேஷனுக்குப் புடிக்க வந்திருக்கோம்னு நெனைக்கிறாங்க. வண்டியப் பாத்துட்டுத்தான் துணிய அவுத்திருக்காங்க" என்றார். அப்புறம் ஓடையிலிருந்து சேற்றை அள்ளி இரண்டு முக்கோணத்தின் மேலும் அப்பினார். இனிமேல் அப்பி என்ன பிரயோஜனம் என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் மட்டும் என்ன செய்வார்.

வீட்டை யாரும் காட்டவில்லை. முனகல் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வாசலில் ஓர் ஆள் கையில் கொடுவாளுடன் நின்றான். ஒரு கணம் எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் காலடியில் கிடந்த மூங்கிலைப் பார்த்தேன். மனைவியை டோலியில் வைத்துத் தூக்கிப்போக மூங்கில் சீவிக்கொண்டிருந்தவன் அவன். ஓடாமல் நின்றவன் அவன் ஒருவன்தான்.

உள்ளே அந்த ஊர் மருத்துவச்சி பெண்ணின் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கோபப்படுவாள் என்று எண்ணினேன். அவளோ நகர்ந்து இடம் கொடுத்தாள். "நேத்து சாயங்காலம் பனிக்கொடம் ஒடஞ்சுது. தல எறங்க மாட்டேங்குது" என்றாள். பெண்ணுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு இருக்கும். உதடு வெடித்திருந்தது. வயிற்றில் குழல் வைத்துக் கேட்டேன். குழந்தையின் துடிப்பு கேட்டது, வேகமாக. கை வைத்துப் பார்த்தேன். தலை மேலேயே நின்றது.

இந்த இடத்தைத்தான் நான் இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தெரிந்திருந்தது? இடுக்கி ஆயுதம் போட்டுத் தலையைப் பிடித்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேனா, அல்லது நினைக்க ஆசைப்பட்டேனா? ஆயுதப் பிரசவம் நிறையப் பார்த்தவள் நான். தலை அவ்வளவு மேலே நின்றால் ஆயுதம் எட்டாது என்பதையும் படித்தவள். விரல் என்ன சொன்னது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மனசு என்ன சொன்னது என்பது ஞாபகம் இல்லை.

"கூட்டிட்டுப் போகணும். உடனே" என்றேன்.

புருஷன் வாசல்படியிலிருந்தே கேட்டான். "அங்க போனா வயித்துல கத்தி வெப்பீங்களா?"

"கத்தியெல்லாம் இல்ல. ஆயுதம் போட்டு எடுத்துடுவாங்க. வயித்தத் தொடவே மாட்டாங்க."

"வண்டியில முக்கோணம் போட்டுக்கினு வந்திருக்கீங்க. கத்தி இல்லேங்கறீங்க."

"இல்லேன்னா இல்ல."

அவன் வெளியே போய் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று வயது இருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் முன்னால் நிறுத்தினான். "அப்ப இவ தலமேல கை வெச்சு சொல்லுங்க. எம் பொண்டாட்டி வயித்துல கத்தி படாதுன்னு."

சத்தியம் செய்யாதே என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மனப்பாடம் செய்தவள் நான். தலையில் கை வைத்தால் அந்தத் தலைக்கு ஆகும் என்பதையெல்லாம் நம்பாத ஜாதி. நம்பாததால்தான் அவ்வளவு சுலபமாகக் கை போனது. அந்தப் பெண் இப்படியே இங்கே கிடந்தால் இரண்டு உயிரும் போய்விடும், இவனோடு வாதம் செய்ய நேரம் இல்லை. எண்ணெய் காணாத அந்தச் சின்னத் தலையில் கையை வைத்து, "கத்தி படாது. சத்தியம்" என்றேன். மூன்று நொடி ஆகியிருக்கும்.

அவன் உடனே நம்பினான். கம்பளியை மூங்கிலில் கட்டினான். தூக்க நாலு ஆள் வேண்டும், ஊரில் ஆள் இல்லை. முன்னால் அவனும் பின்னால் பாயும் தோள் கொடுத்தார்கள். பாய்க்கு மூச்சு வாங்கியபோது மூங்கிலை நான் பிடித்தேன். ஓடை வரைக்கும் மருத்துவச்சி கூட வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஜீப் கிளம்பும்போது அந்தக் குழந்தை அம்மாவைப் பார்த்து அழுதது. நான் திரும்பவில்லை.

சுகாதார நிலையத்துக்கு வந்ததும் டாக்டர் ஜீப்பிலேயே ஏறிப் பார்த்தார். என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். "ஆயுதத்துக்கெல்லாம் வாய்ப்பே இல்ல, சிஸ்டர். வயித்தக் கீறித்தான் எடுக்கணும். இங்க ஆவாது, ஓசூர்லயும் இன்னிக்கு ஆள் இல்ல. நேரா பெங்களூர் போயிடுங்க." லாக் புத்தகத்தை வாங்கி, குடும்பக் கட்டுப்பாட்டு வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சத்தியத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை, கத்திதான் என்று. வழியில் சொன்னால் ஜீப்பை நிறுத்தச் சொல்வான், இறக்கிக்கொண்டு போய்விடுவான். சொல்லாவிட்டால் நான் யார்? ஓசூர் வந்தது, போனது. நான் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். எண்ணவில்லை, சும்மா பிடித்திருந்தேன். என் வாய் எந்த நேரத்தில் அடைக்கக் கூடாதோ அந்த நேரத்தில் அடைத்துக்கொண்டது.

எல்லைச் செக்போஸ்டில் மறித்தார்கள். அந்த மாநிலத்துக்குள் போக எங்கள் ஜீப்புக்கு அனுமதித் தாள் இல்லை. காவலர் ஜீப்பைச் சுற்றி வந்தார். பாய் அப்பிய சேறு காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. அவர் லத்தியால் மீதியைத் தட்டினார், முக்கோணத்தைப் பார்த்தார், உடனே கையைக் காட்டிப் போகச் சொன்னார். எந்த முக்கோணத்தைப் பார்த்து ஊரே ஓடியதோ அதைப் பார்த்துக் கேட் திறந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டரம்மா பார்த்தார், புருஷனைக் கூப்பிட்டார், கன்னடத்தில் சொன்னார். எனக்குப் புரியாத கன்னடம் அவனுக்கு முழுதாகப் புரிந்தது. நான் தேன்கனிக்கோட்டையிலிருந்து மறைத்துக்கொண்டு வந்ததை அந்த அம்மாள் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார் என்று அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பெருவிரல் ரேகைக்குத் தாளை நீட்டினார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "பேடா" என்றான். வேண்டாமாம்.

டாக்டரம்மா கத்தினார். கடிகாரத்தைக் காட்டினார். அவன் என் பக்கம் திரும்பி, எனக்குப் புரியவேண்டும் என்று தமிழில் பேசினான். "கத்தி வெச்சா அங்க எம் பொண்ணு போயிடும். வெக்கலன்னா இங்க இவ போயிடுவா. எதுங்க நர்ஸம்மா? நீங்களே சொல்லுங்க."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது. நான் வேதக்காரி. எங்களுக்கு அந்தச் சத்தியமெல்லாம் ஒட்டாது" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. "ஒட்டாதுன்னு தெரிஞ்சா வெச்சீங்க?"

அவன் என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். கேள்வி கேட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, அவன்மேல் ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது இவன் என்ன நியாயம் பேசுகிறான் என்று. அந்த நியாயத்தைப் பேச வைத்தவள் நான் என்பதும் அதே நேரத்தில் தெரிந்தது.

தள்ளுவண்டியில் கிடந்தவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். வலிக்கு நடுவில் கண்ணைத் திறந்து, "அக்கா, அவ மேல வெச்சத எடுத்து எம் மேல வை" என்றாள். எனக்குப் புரியவில்லை. புருஷனுக்குப் புரிந்தது, அவன் முகம் கோணியது. அவர்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கமாம். ஒரு தலைமேல் செய்த சத்தியத்தை, இன்னொருவர் தானாகக் கேட்டு வாங்கினால், அந்தத் தலைக்கு மாற்றலாமாம். செய்த கைதான் மாற்ற வேண்டுமாம். அவன்தான் சொன்னான், திக்கித் திக்கி.

"என் தலைக்கு மாத்திக்கறேன்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். கையைத் தூக்கி என் தலைமேல் வைத்தும் விட்டேன்.

"உங்களுக்குத்தான் ஒட்டாதே" என்றாள் அவள். கேலி இல்லை. ஒரு நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

வேறு வழி இல்லை. அவள் நெற்றி ஈரமாக இருந்தது, முடி ஒட்டிக் கிடந்தது. கையை வைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்தான், நான் திருப்பிச் சொன்னேன். சத்தியம் தப்பினால் இந்தத் தலைக்கு ஆகட்டும், அந்தத் தலையை விட்டுவிடட்டும். காலையில் மூன்று நொடியில் சொன்னவளுக்கு இப்போது வாய் வரவில்லை. நர்ஸ் உடுப்பில் நின்றுகொண்டு, கத்திக்குப் போகும் பெண்ணுக்குச் சாபம் சொல்லி அனுப்புகிறேன். அதைச் சொன்னால்தான் அவள் பிழைப்பாள். நான் நம்பாத ஒன்றைச் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆக வேண்டும்? சொல்லி முடித்ததும் அவன் ரேகைக்கு விரலை நீட்டினான்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆண் குழந்தை. வராந்தாவில் செய்தி வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். பாய் டீ வாங்கி வந்தார். நான் அழுதேன், எதற்கு என்று சரியாகத் தெரியாமல்.

எங்கள் டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரிஜிஸ்தரில் "தாய், சேய் நலம்" என்று அவரே எழுதினார். ஜீப்பின் முக்கோணத்தை மறைக்க வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டோம். அந்த மாதமே இன்னும் இரண்டு ஊர்களில் துணி கட்டினார்கள், ஆண்கள் ஓடவில்லை, நாங்கள் போய்க் கூட்டி வந்தோம். ஏற்பாடு வேலை செய்கிறது என்று மாவட்டக் கூட்டத்தில் பேசினார். உண்மைதான், வேலை செய்தது. சத்தியத்தைப் பற்றிச் சொல்ல நான் இரண்டு தடவை வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால், அதற்கு ரிஜிஸ்தரில் எந்தப் பத்தியில் இடம் இருக்கிறது?

இரண்டு வாரம் கழித்து அவளை வீட்டில் விட நானும் பாயும் போனோம். வழி முழுக்க நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். தையல் இழுக்கிறது என்றாள், பையன் அப்பா ஜாடை என்றாள். ஓடைக்கரையில் ஊரே நின்றது, ஓடியவர்கள் எல்லோரும். கைக்குழந்தையை மருத்துவச்சி வாங்கிக்கொண்டாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் குழந்தை "அம்மா" என்று கையை விரித்து ஓடி வந்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். ஜீப்பின் மறுபக்கம் போய் நின்றுகொண்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். "வேணாம்டி, கிட்ட வராத. சத்தியம் அம்மா மேல இருக்குது, தொட்டா மறுபடி உங்கிட்டயே வந்துடும்" என்றாள். சொல்லும்போதே அழுதாள். புருஷன் தரையைப் பார்த்தான். ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவள் செய்வது சரி என்றுதான் எல்லோரும் நின்றார்கள். அப்படி ஒன்றும் இல்லை, நான் எடுத்துவிட்டேன், போய்விட்டது என்று சொல்ல நான் ஓரடி முன்னால் வைத்தேன். என் சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு என்று தோன்றியதும் அடுத்த அடி வரவில்லை.

குழந்தை கையை விரித்தபடி ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மா நகர நகர அதுவும் போனது. ஏதோ விளையாட்டு என்று முதலில் சிரித்தது, பிறகு உதட்டைப் பிதுக்கியது. யாரும் தூக்கவில்லை என்றதும் பக்கத்தில் நின்ற என் காலைக் கட்டிக்கொண்டது. நான் குனிந்து தூக்கிக்கொண்டேன். கை தலையில் பட்டுவிடாமல், இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன்.